போர்வை வாடகையும் மரண அறிவித்தலும்: ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடும் வழி

உங்கள் மனைவியின் முன்னோர் வடகிழக்கு ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் பண்ணை வேலையாட்களாகவும் நெசவாளர்களாகவும் இருந்தவர்கள் என்றும், ஞானஸ்நானப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் 1780-கள் வரை பின்தொடர முடிந்தாலும் கட்டாய அரசுப் பதிவு தொடங்கிய 1855-க்கு முன் இறந்த ஒருவருடைய அடக்கப் பதிவுகூட அகப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதிவேடு தொலைந்துவிட்டதா, தவறான ஊரில் தேடுகிறோமா, பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களில் ஏதேனும் கிடைக்குமா என்பவை உங்கள் கேள்விகள். பெரும்பாலும் பதிவேடு தொலைந்திருக்காது. ஊரும் தவறாக இருக்காது. நீங்கள் தேடும் வகைப் பதிவை அந்த ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை என்பதே உண்மையாக இருக்கும். ஆனால் அந்த மனிதரை அடக்கம் செய்ய யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள், யாரோ ஊருக்குச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று தாளில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. தேட வேண்டியது அதைத்தான்.

அடக்கம் ஏன் எழுதப்படவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் தேடும் முறையே மாறிவிடும். 1560-இல் ஸ்காட்லாந்து சீர்திருத்தச் சபையைத் தழுவியபோது, இறந்தவருக்காக ஜெபிப்பது உள்ளிட்ட பழைய கத்தோலிக்கச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது. கல்லறையருகே பாடலோ வாசிப்போ வேண்டாம் என்பதே புதிய சபையின் எண்ணம். 1645-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிபாட்டு நெறிநூலும், உடலை வீட்டிலிருந்து மரியாதையுடன் எடுத்துச்சென்று எந்தச் சடங்கும் இன்றி உடனே புதைக்க வேண்டும் என்றே சொன்னது. இங்கிலாந்தில் அடக்க ஆராதனையை நடத்திய குருவானவரே பதிவேட்டிலும் எழுதினார். ஸ்காட்லாந்துப் போதகருக்குக் கல்லறையருகே கடமை எதுவும் இல்லாததால் அதைப் பற்றி எழுதும் கடமையும் பல ஊர்களில் இல்லாமல் போயிற்று. பாரிஷ் எனப்படும் 900-க்கும் மேற்பட்ட சபை வட்டாரங்களில் ஞானஸ்நானமும் திருமணமும் ஓரளவு ஒழுங்காகப் பதிவாகியிருக்க, இறப்பும் அடக்கமும் மட்டும் துண்டுதுண்டாகக் கிடப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சடங்கு போனாலும் செலவு போகவில்லை. சவப்பெட்டியை வெறுமனே தூக்கிச் செல்வது அவமானம் என்று கருதப்பட்டதால், அதன்மேல் மார்ட்கிளாத் எனப்படும் கறுப்புப் போர்வை போர்த்தப்பட்டது. நல்ல வெல்வெட்டில் தைத்த போர்வையை ஒரு நெசவாளியோ பண்ணையாளோ சொந்தமாக வாங்க முடியாது. ஆகவே போதகரும் மூப்பர்களும் அடங்கிய கிர்க் செஷன் என்ற சபைக்குழு போர்வைகளை வாங்கி வைத்து வாடகைக்கு விட்டது. அந்த வருமானம் ஊர் ஏழைகளின் நிதியில் சேர்ந்தது. உயர்ந்த போர்வைக்கு ஒரு கட்டணம், சாதாரணப் போர்வைக்குக் குறைந்த கட்டணம், குழந்தைகளுக்குச் சிறிய போர்வை என்று தரம் பிரித்திருந்தார்கள். நகரங்களில் தொழிற்குழுக்கள் தங்களுக்கென்று தனிப் போர்வை வைத்திருந்தன. பல பாரிஷ்களில் 'அடக்கப் பதிவேடு' என்று இன்று பட்டியலிடப்பட்டிருப்பதே உண்மையில் இந்த வாடகைக் கணக்குதான்.

கணக்கைப் பதிவேடாக வாசிக்கும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். அதில் உள்ள தேதி பணம் கட்டிய தேதி. இறந்த நாளும் அல்ல, புதைத்த நாளும் அல்ல. பெயர் பெரும்பாலும் பணம் கட்டியவருடையதாகவே இருக்கும். இறந்தவர் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் குழந்தை' என்ற அளவில் நின்றுவிடுவார். தொழிற்குழுவின் போர்வையைப் பயன்படுத்தியவர் சபைக்கணக்கில் வரவே மாட்டார்; வறியவருக்கு இலவசமாகக் கொடுத்திருந்தால் வரவுப் பக்கத்தில் இல்லாமல் செலவுப் பக்கத்தில் சவப்பெட்டிக்கான தொகையாகத் தென்படக்கூடும். அதனால் வரவை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். போர்வை வாடகையுடன் மணி அடித்ததற்கான கூலியும் குழி தோண்டியவரின் கூலியும் சில கணக்குகளில் தனித்தனியே இருக்கும். என் அனுபவத்தில் எந்தத் தரப் போர்வை எடுத்தார்கள் என்பதே ஒரு செய்தி: ஒரே குடும்பம் தந்தைக்கு உயர்ந்த போர்வையும் பத்தாண்டு கழித்துத் தாய்க்குச் சாதாரணப் போர்வையும் எடுத்திருந்தால், இடையில் அந்த வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கத் தோன்றும்.

இன்னொரு இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. வறியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வரிக்குப் பயந்து பலர் பதிவையே தவிர்த்ததால், அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு குடும்பம் காகிதத்திலிருந்து மறைந்துபோனால் அது ஊரைவிட்டுப் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது. உங்கள் தேடல் நிற்கும் இடமே 1780-கள் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். கிர்க் செஷன் நடவடிக்கைக் குறிப்புகளும் கணக்குகளும் ஸ்காட்லாந்து அரசின் பழைய பதிவுகளுக்கான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் 2021 முதல் படங்களாகப் பார்க்கக் கிடைக்கின்றன. பழைய பாரிஷ் பதிவேட்டைப் போல அங்கே பெயரைத் தட்டித் தேடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். கையெழுத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை அல்ல.

1855 ஜனவரி 1 அன்று கட்டாய அரசுப் பதிவு தொடங்கியதும் நிலைமை தலைகீழாக மாறியது. இறப்புப் பதிவில் இறந்தவருடைய தந்தையின் பெயரும் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் கேட்கப்பட்டன. அதே காலத்து இங்கிலாந்துச் சான்றிதழில் இவை கிடையா. அந்த முதல் ஆண்டின் படிவம் ஆராய்ச்சியாளருக்கென்றே வடிவமைத்ததுபோல் இருக்கும்: பிறந்த இடம், அந்த வட்டாரத்தில் வாழ்ந்த காலம், வாழ்க்கைத்துணை, பிள்ளைகளின் பெயரும் வயதும், அடக்கம் செய்த இடம், அதை நடத்தியவர் என எல்லாம் உண்டு. எழுதியவர்களுக்குச் சுமை தாங்காததால் 1856 முதல் பலவற்றைக் கைவிட்டார்கள்; ஆனாலும் அடக்கம் செய்த இடம் 1860 முடியும்வரை தொடர்ந்து எழுதப்பட்டது. ஆகவே 1855 முதல் 1860 வரை இறந்த ஒரு முதியவர் உங்கள் குடும்ப மரத்தில் இருந்தால், அவர் வழியாகக் குடும்பத்தின் கல்லறை எங்கே என்பதை நேரடியாக அறியலாம். அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அவருடைய பெற்றோரும் இருக்க வாய்ப்பு மிகுதி.

கல்லறைக்கான ஒரு மனையை ஸ்காட்லாந்தில் 'லேர்' என்பார்கள். விலை கொடுத்து வாங்கினாலும் நிலம் சொந்தமாவதில்லை. அங்கே புதைக்கும் உரிமைதான் குடும்பத்துக்கு வருகிறது, அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். லேர் பதிவேட்டில் யார் வாங்கினார், அதில் யார் யார் புதைக்கப்பட்டார்கள் என்ற விவரம் இருக்கும்; கல் நடாத குடும்பமும் அதில் இருக்கும் என்பதே அதன் பெரிய நன்மை. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பழைய பாரிஷ் கல்லறைத் தோட்டங்கள் உள்ளாட்சியின் பொறுப்புக்கு மாறியதால், இன்று கோயிலில் போய்க் கேட்பதைவிட மாவட்டக் கவுன்சிலின் கல்லறைப் பிரிவையும் ஆவணக் காப்பகத்தையும் கேட்பதே பலன் தரும்.

கல் இருந்தால், அதை வாசிப்பதும் ஒரு கலைதான். ஸ்காட்லாந்தில் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த குடும்பப் பெயரைச் சட்டப்படி இழக்கவில்லை. ஆகவே கல்லில் மனைவியின் பெயர் பெரும்பாலும் அவருடைய தந்தை வழிப் பெயருடனேயே வெட்டப்பட்டிருக்கும். ஒரே கல்லில் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பதைக் கண்டு இரு குடும்பங்கள் என்று குழம்ப வேண்டாம். கல்லின் முதல் வரியில் 'நிறுவியவர்' என்று வருபவர் அங்கேயே புதைக்கப்பட்டவர் என்று கொள்ளவும் கூடாது. அவர் வேறு நாட்டில் இறந்திருக்கலாம். ஒரு தலைமுறை கழித்து வசதி வந்தபோது பேரன் நட்ட கல்லில் தாத்தாவின் வயது ஊகத்தில் எழுதப்பட்டிருக்கும். 18-ஆம் நூற்றாண்டுக் கற்களில் மண்டை ஓடும் மணற்கடிகாரமும் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றிலிருந்து எதையும் அறிய முடியாது. ஆனால் முடிசூடிய சுத்தியல் கொல்லரையும், கத்தரி தையற்காரரையும், தறிநாடா நெசவாளரையும், கலப்பையின் கொழு உழவரையும் காட்டும். டன்டீ நகரத்தின் ஹவ்ஃப் என்ற பழைய கல்லறைத் தோட்டத்தில் இத்தகைய தொழிற்சின்னங்களை நிறையக் காணலாம்; 1564-இல் அரசி மேரி நகரத்துக்கு அளித்த இடம் அது, தொழிற்குழுக்கள் கூடிப் பேசிய இடமாகவும் இருந்ததால்தான் அந்தப் பெயர் வந்தது.

மழையும் பாசியும் எழுத்தைத் தின்றுவிட்ட கற்களுக்கு ஒரு மாற்று உண்டு. 1960-கள் முதல் தன்னார்வலர்கள் பாரிஷ் பாரிஷாகச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்திருக்கிறார்கள். அபர்டீன்ஷயருக்கு அபர்டீன் மற்றும் வடகிழக்கு ஸ்காட்லாந்து குடும்ப வரலாற்றுச் சங்கம் வெளியிட்ட சிறு நூல்கள் மிகவும் பயனுள்ளவை. பழைய தொகுப்புகளில் பல 1855-க்கு முந்தைய கற்களோடு நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எங்கே வாழ்ந்தாரோ அங்கேயே புதைத்திருப்பார்கள் என்ற ஊகம்தான் பலரை வழிதவறச் செய்கிறது. தன் குடும்பத்தாருடன் படுக்க வேண்டும் என்ற விருப்பம் அங்கே மிக ஆழமானது. ஹாரிஸ் தீவின் கிழக்குக் கரை வெறும் பாறை. குழி தோண்ட மண் இல்லாததால் அங்கிருந்தவர்கள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து மலைக்கணவாய் வழியே மேற்குக் கரையின் மணற்பாங்கான நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். க்ளென்கோவின் மக்டொனால்டுகளுக்கு லெவன் என்ற கடற்கழியின் நடுவே உள்ள எய்லன் மண்டே தீவுதான் கல்லறை. உங்கள் அபர்டீன்ஷயரில் ஹைலண்ட்ஸ் எனப்படும் மலைநாட்டின் இனக்குழு வழக்கம் இல்லாவிட்டாலும், பண்ணையாட்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூலி பேசி வேறு பண்ணைக்கு மாறியவர்கள். இறந்த பாரிஷ் ஒன்றாகவும் புதைத்த பாரிஷ் மற்றொன்றாகவும் இருப்பது இயல்பு. மனைவியின் பிறந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். 1843-இல் சபை பிளந்து சுதந்திரச் சபை உருவான பின்னரும் பிரிந்துபோனவர்கள் பழைய பாரிஷ் கல்லறையிலேயே தங்கள் பெற்றோருடன் புதைக்கப்பட்டார்கள் என்பதால், கல்லறையை வைத்து ஒருவருடைய சபையைத் தீர்மானிக்கவும் முடியாது.

இனி, செய்தி சொன்ன வழிக்கு வருகிறேன். பழங்காலத்தில் சபையின் கைமணியை அடித்துக்கொண்டு ஒருவர் தெருத்தெருவாக இறந்தவர் பெயரைச் சொல்லி அடக்கத்துக்கு அழைத்தார். பிறகு வசதியுள்ளவர்கள் கறுப்பு விளிம்பிட்ட அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். அதன் பிறகு அந்த இடத்தைச் செய்தித்தாள் பிடித்துக்கொண்டது. 'நண்பர்கள் இதையே அறிவிப்பாகவும் அழைப்பாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்' என்ற வாசகம் அங்கே மரண அறிவித்தல்களில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். பழைய கடிதப் பெட்டி ஏதேனும் உங்கள் மனைவியின் வீட்டில் இருந்தால், அந்த அழைப்புக் கடிதங்களோடு சிறிய எண்ணிட்ட அட்டைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளை, பெரும்பாலும் எட்டு, உறவினர்களே பிடிப்பார்கள். யார் எந்தக் கயிறு என்பது உறவின் நெருக்கத்தைப் பொறுத்தது. தலைமாட்டுக் கயிறு மூத்த மகனுக்கு அல்லது அவருக்கு ஈடான நெருங்கிய ஆணுக்கு. கொள்ளி வைத்தவர் யார் என்று கேட்டு நம் ஊரில் உறவை அறிந்துகொள்வதுபோல, அந்த அட்டையின் எண்ணைக் கொண்டு ஒருவர் இறந்தவருக்கு எவ்வளவு நெருக்கம் என்று அறியலாம். பெண்கள் பல இடங்களில் கல்லறைவரை போகாத வழக்கம் இருந்ததால், மகள்களின் பெயர் இந்த வரிசையில் இல்லாதது எதற்கும் சான்றாகாது.

செய்தித்தாள்களைப் பொறுத்தவரை 1855 மறுபடியும் எல்லைக்கல்லாகிறது. 1815-இல் ஒரு தாளுக்கு நான்கு பென்ஸாக இருந்த முத்திரை வரி 1836-இல் ஒரு பென்னியாகக் குறைந்து, 1855-இல் ஒழிந்தது. விளம்பர வரி 1853-இலேயே போய்விட்டது. அதற்கு முன் செய்தித்தாள் வாங்குவதும் அதில் அறிவிப்புக் கொடுப்பதும் செலவு மிக்க காரியம். அபர்டீன் ஜர்னல் 1748 முதல் வெளிவந்தாலும், அதன் பழைய இதழ்களில் நிலவுடைமையாளர், போதகர், வணிகர், படை அதிகாரி ஆகியோரின் மரணத்தைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். உங்கள் நெசவாளர் 1820-இல் இறந்தபோது அதில் இடம்பெற்றிருக்க வாய்ப்பு குறைவு. வரி ஒழிந்த பிறகு சிற்றூர்களுக்கும் சொந்தத் தாள் கிடைத்தது. 1863-இல் தொடங்கிய ஹன்ட்லி எக்ஸ்பிரஸ் உங்கள் பகுதியைச் சேர்ந்தது. இத்தகைய சிற்றூர்த் தாள்களில் கொல்லரும் பண்ணையாளும் இடம்பெறுவார்கள், அவர்களுடைய பொன்விழாத் திருமணமும் காளை வாங்கிய தகராறும்கூட இடம்பெறும்.

1855-க்கு முன் இறந்தவரையும் பின்னாளைய தாள் வழியே பிடிக்க முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1880-களில் எண்பது வயதில் இறந்த மகனைப் பற்றிய இரங்கல் குறிப்பில், அவருடைய தந்தை எந்தப் பண்ணையில் இருந்தார், எந்த ஆண்டுப் பஞ்சத்தில் வந்து குடியேறினார், எங்கே புதைக்கப்பட்டார் என்றெல்லாம் உள்ளூர் நிருபர் எழுதியிருப்பார். நிருபர் கேள்விப்பட்டதை எழுதினார் என்பதால் ஆண்டுகளை அப்படியே நம்பாமல், ஊர்ப்பெயரை மட்டும் துப்பாக எடுத்துக்கொண்டு பதிவேட்டுக்குத் திரும்புங்கள்.

2011 முதல் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற இணையதளம் பழைய தாள்களைத் தேடத்தக்க வடிவில் தருகிறது; எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் அச்சு இதழ்களும் நுண்படச்சுருள்களும் உண்டு. மலைநாட்டுக்கு, அப்பகுதி வரலாற்றுக்கான 'ஆம் பைலே' என்ற இணையதளத்தின் செய்தித்தாள் சுட்டி உதவும். தேடும்போது பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 'மெக்' என்று தொடங்கும் பெயர்களைப் பழைய அச்சகங்கள் எம் என்ற ஒற்றை எழுத்தும் மேற்கோள் குறியுமாக அச்சிட்டன. இது தெரியாமல் நான் ஒரு குடும்பத்தை மூன்று மாதம் தேடி இல்லையென்று முடிவு கட்டியிருந்தேன். 1800-க்கு முந்தைய நீண்ட எஸ் எழுத்தை எழுத்துணரி மென்பொருள் எஃப் என்று வாசித்துவிடும். ஆகவே பண்ணையின் பெயரையோ தெருவின் பெயரையோ இட்டுத் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணைப் பெயர் மனிதப் பெயரைவிடத் தனித்தன்மை கொண்டது. கல்லில் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும் பெண் செய்தித்தாளில் கணவர் பெயரோடு மட்டும் வருவார் என்பதையும் மறக்காதீர்கள். வாராந்தரத் தாளில் அறிவிப்பு இரண்டு மூன்று வாரம் தாமதமாகவும் வரும்.

விபத்தில் இறந்தவர்களுக்குச் செய்தித்தாள் இன்றியமையாதது. ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைப் போல மரண விசாரணை அதிகாரி இல்லை. ஐயத்துக்குரிய மரணங்களை புரோகியூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர் தனிமையில் விசாரித்தார். பணியிட மரணங்களுக்குப் பொது விசாரணை 1895-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே வந்தது. இடைப்பட்ட காலத்தில் சுரங்கத்திலோ ரயில்பாதையிலோ நடந்ததை விரிவாகச் சொல்வது உள்ளூர்த் தாள் மட்டுமே. இறப்புப் பதிவின் ஓரத்தில், பின்னர் செய்த திருத்தங்களை எழுதும் தனிப் பதிவேட்டைக் குறிக்கும் அடையாளம் இருந்தால், அந்த வார இதழை உடனே தேடுங்கள். 1881 அக்டோபர் 14 அன்று ஐமவுத் கடற்கரையில் 189 மீனவர்கள் மாண்டபோது பலருடைய உடல் கரைக்கு வரவே இல்லை; கல்லறை இல்லாத அவர்களுக்குத் தாளில் வந்த பெயர்ப் பட்டியல்தான் முதல் நினைவுக்குறிப்பு.

வெளிநாடு போனவர்களைத் தேடும்போது இந்த இரு வழிகளும் ஒன்றுசேர்கின்றன. ஊரில் பெற்றோரின் கல்லிலேயே 'இலங்கையில் இறந்த மகன்' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கின்கார்டின்ஷயரின் ஆக்கன்பிளேயில் 1835-இல் பிறந்து, லூல்கந்துரையில் 1867-இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892-இல் இறந்து கண்டியில் புதைக்கப்பட்டவர். அத்தகையவர்களின் மரணச் செய்தி கப்பலில் வந்து சேர்ந்து, பல வாரங்கள் கழித்தே அபர்டீன் தாளில் வெளியாகும். எதிர்த்திசையிலும் அறிவித்தல்கள் போயின: 'ஆஸ்திரேலியத் தாள்கள் எடுத்து வெளியிடக் கோருகிறோம்' என்று கடைசி வரியில் கண்டால், நெருங்கிய உறவினர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று பொருள்.

உங்கள் நிலையில் நான் பாரிஷ் கணக்கை முதலில் எடுக்க மாட்டேன். அந்த நெசவாளரின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை அனைவரையும் ஞானஸ்நானப் பதிவிலிருந்து பட்டியலிட்டு, அவர்களில் ஒருவராவது முதிய வயதில் 1855 முதல் 1860 வரை இறந்திருக்கிறாரா என்று பார்ப்பேன். அப்படி ஒருவர் கிடைத்தால் அவருடைய இறப்புப் பதிவு பெற்றோரின் முழுப்பெயரையும் கல்லறைத் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லும். அதன் பிறகு எந்தப் பாரிஷின் போர்வைக் கணக்கைப் புரட்டுவது என்ற ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும்.